நாகவள்ளி லீவு கேட்ட வெள்ளிக்கிழமை

நாகவள்ளி லீவு கேட்டாள் என்றால் அந்த வீட்டில் அது பெரிய செய்தி. அமீரகத்து ஃபுஜைராவில், மூசா வீட்டுச் சமையலறையில் பதினோரு வருஷமாக நிற்கிறவள். ஊருக்குப் போக நாலு தடவை கேட்டிருக்கிறாள், பல் பிடுங்க ஒரு தடவை. வெள்ளிக்கிழமைக்குக் கேட்டதே கிடையாது. வெள்ளிக்கிழமைதான் மூசாவின் மகன்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் வந்து வட்டமாக உட்காருவார்கள். முழு ஆடு ஒன்று, ஒரு அண்டா சோறு, மீன் தனியாக. அப்படிப்பட்ட நாளுக்குத்தான் வந்து கேட்டு நின்றாள்.

"மேடம், இந்த வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிஞ்சதும் எனக்கு லீவு வேணும்."

மூசாவின் மனைவி நஜீஹா பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "உடம்பு சரியில்லையா நாகா?" அந்த வீட்டில் எல்லாருக்கும் அவள் நாகாதான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மாட்டுச் சண்டை பாக்கப் போகணும்."

நஜீஹாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "என் புருஷன் நாப்பது வருஷமாப் போறார். நானே ஒரு நாள் போனதில்ல. மண்ணு, புழுதி, ஆம்பளைங்க கத்துறது. வேற என்ன இருக்கு அங்க?"

"இருக்கட்டும். நான் போகணும்."

"பாபா உன்னைக் கார்ல ஏத்த மாட்டார்." அந்த வீட்டில் மூசாவை எல்லாரும் கூப்பிடுவது பாபா என்றுதான்.

"மாடு போற வண்டியில போய்க்கிறேன்."

இதெல்லாம் அரபியில் பேசியது. நாகவள்ளியின் அரபி அடுப்படியில் கற்றது. உப்பு, நெருப்பு, சீக்கிரம், இல்லை, அப்புறம். இவ்வளவு இருந்தால் அவளுக்குப் போதும், மிச்சத்தைக் கையும் முகமும் சொல்லிவிடும். அன்றைக்கு அவள் முகம் சொன்னதைப் பார்த்து நஜீஹா சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சோத்தை ஆக்கி வெச்சுட்டுப் போ," என்றாள்.

காரணம் இல்லாமல் கேட்கிறவள் இல்லை நாகவள்ளி. வீட்டுக்குப் பின்னால் பேரீச்சந்தோட்டம், தோட்டத்தின் கோடியில் மாட்டுக்கொட்டம். அங்கே நிற்கிற காளைக்கு அன்தர் என்று பெயர். உடம்பு செம்பட்டை, முகம் மட்டும் நல்ல கறுப்பு, நெற்றியில் சுருட்டை முடி. அவன் பிறந்த மூன்றாம் நாள் தாய் செத்துப்போயிற்று. கன்றுக்குட்டி புட்டியைத் தொடவில்லை. தோட்டத்து ஆட்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அந்த நேரம் நாகவள்ளி கஞ்சித்தண்ணி வாளியோடு வந்தாள். அரபி வீட்டில் அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்துவிடுவார்கள். அத்தனை கஞ்சியையும் சாக்கடையில் கொட்ட அவளுக்கு என்றைக்குமே கை வந்ததில்லை. வந்த நாள் முதல் வாளியில் பிடித்துக் கொட்டத்துக்குக் கொண்டுபோவாள். சிவகங்கைப் பக்கத்துக்காரி, வேறு என்ன செய்வாள்? அன்றைக்குப் பால் பவுடரைக் கஞ்சியில் கரைத்து, தன் விரலைக் கன்றின் வாயில் கொடுத்து, சப்பச் சப்பக் கையை வாளிக்குள் இறக்கினாள். குட்டி விரலைத் தேடிப் பாலுக்குள் வாயை வைத்தது. ஆயிற்று, பிழைத்துவிட்டான். அப்புறம் ஏழு வருஷமாக அவள் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான்.

சண்டைக்குப் பழக்கியது மூசா. பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆசை என்று இருந்தது இந்த ஒன்றுதான். தேன், நெய், கருவாடு என்று ஊட்டி வளர்த்தார். ஆனால் அன்தர் இரண்டு தடவை தொடர்ந்து தோற்றான். புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே மகன்களிடம் மூசா சொன்னார்: "இந்த வெள்ளிக்கிழமையும் திரும்பி ஓடினான்னா சனிக்கிழமை சந்தை. கலாஸ், முடிஞ்சது."

தோற்ற காளையைச் சந்தையில் யார் வாங்குவார்கள்? கசாப்புக்காரன்தான். நாகவள்ளி தயிர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். மூசா சொன்னால் சொன்னதுதான். பெரிய மகன் வண்டியில் இனி ஏறமாட்டேன் என்று ஒரு தடவை வாய்விட்டவர், இரண்டு வருஷம் டாக்ஸியில்தான் போனார். வேலைக்காரி கெஞ்சியா மாற்றப்போகிறார்? அவள் கெஞ்சவில்லை. லீவு கேட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் குளித்து, சமையலறைக்குப் பின்னால் இருக்கிற தன் அறையில் விளக்கேற்றினாள். பெட்டியிலிருந்து பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, அதற்கு மேல் சமையல் அங்கியைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபோது அங்கியைக் கழற்றிவிட்டுக் கொட்டத்துக்கு நடந்தாள். அங்கே கார்மேகம் அன்தருக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தான். கமுதிப் பக்கத்து ஆள். தோட்டத்துக்கும் மாட்டுக்கும் பொறுப்பு அவன்தான்.

"யக்கா, என்ன இது, கல்யாணத்துக்கா போறோம்? சேலையில ஜொலிக்கிறீக."

"மூடிக்கிட்டுக் கயித்தக் கட்டுப்பா."

இத்தனை நாளும் அன்தர் சண்டைக்குக் கிளம்புகிற நேரத்தில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். இன்றைக்குத்தான் பக்கத்தில் நிற்கிறாள். நின்றவள் என்ன செய்தாள் என்றால், மடியிலிருந்த சிமிழைத் திறந்து, குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, அவன் நெற்றிச் சுருட்டை முடிக்குள் நாலு விரலால் நன்றாக அப்பினாள். கொட்டத்தை விட்டு மாடு வெளியே போகிறது என்றால் நெற்றியில் குங்குமம் வைப்பது அவளுக்குக் கதவைச் சாத்துகிற மாதிரி. யோசித்துச் செய்கிற காரியமில்லை. கறுப்பு முகத்தில் அது தெரியவும் இல்லை. கார்மேகம் பார்த்தான். அவனும் அந்தப் பக்கத்து ஆள்தானே, தப்பாகத் தோன்றவில்லை. "நல்லாருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மைதானம் கடலுக்குக் கிட்டத்தில் இருந்தது. ஜனவரி மாத வெயில், உறைக்காத வெயில். கம்பி வேலியைச் சுற்றிக் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. கார் மேலேயே ஜமுக்காளம் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அங்கே போகமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நாகவள்ளியே எண்ணிப்பார்த்தாள், இருபதுக்கு மேல் இருந்தார்கள். ஃப்ளாஸ்க்கில் டீ, தட்டில் கடலை. மூசாவும் மகன்களும் முன்னாலேயே வந்து நடுவர்கள் பக்கம் நின்றார்கள். மைக்கில் ஒருவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் நினைத்து வந்தது வேறு. சின்ன வயதில் பார்த்தது மஞ்சுவிரட்டு. மாடு பாயும், ஆள் திமிலைப் பிடித்துத் தொங்குவான், யாராவது குடல் சரிந்து கிடப்பான். இங்கே மாட்டின் மேல் ஆள் கையே வைக்கவில்லை. இரண்டு காளைகளைக் கொண்டுவந்து எதிரெதிரே விட்டார்கள். அவை தலையோடு தலை வைத்துத் தள்ளின, அவ்வளவுதான். வரப்புத் தகராறில் நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு நிற்கிற பங்காளிகள் மாதிரி. ஒன்று பின்வாங்கித் திரும்பியதும் ஆட்கள் கயிற்றை இழுத்துப் பிரித்துவிட்டார்கள். கம்போடு நின்ற நடுவர்கள் கையைத் தூக்கினார்கள். முடிந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

"என்னக்கா இப்படிக் கேக்குறீக? வேற என்ன வேணும்?" என்றான் கார்மேகம். "ரத்தம் வந்தா உடனே பிரிச்சுருவாக. யாருக்கும் தோல்வியில்ல, சமம்னு சொல்லிருவாக. மரியாதையான ஆட்டம்க்கா இது."

அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கார்மேகத்திடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அன்தர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எதிரே வந்தது பக்கத்து ஊர் கல்பாக்காரர் ஒருவருடைய காளை. பால் மாதிரி வெள்ளை, அன்தரை விட ஒரு சாண் உயரம். கார்மேகமும் இன்னும் நாலு பேரும் கயிற்றைத் தளர்த்தினார்கள். இரண்டும் முட்டிய சத்தம் நாகவள்ளியின் பல்லில் கேட்டது. முதல் இரண்டு நிமிஷம் அன்தர் தள்ளினான். "தள்ளுடா, தள்ளு, தள்ளு," என்று அவள் வேலிக் கம்பியைத் தள்ளினாள். அப்புறம் வெள்ளைக் காளை காலை ஊன்றிக்கொண்டது. அன்தரின் பின்னங்கால் மண்ணைக் கீறிக்கொண்டு ஓர் அடி பின்னால் வந்தது. இன்னோர் அடி. அவன் வாலை ஒரு பக்கமாக ஒதுக்கினான். வளர்த்தவளுக்குத் தெரியாதா? திரும்பப்போகிறான்.

அந்த நேரத்தில் யாரோ கத்தினார்கள். "தம்! தம்!" ரத்தம், ரத்தம் என்று. வெள்ளைக் காளையின் நெற்றி முழுக்கச் சிவப்பு, மூக்கு வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. நடுவர்கள் கம்பை வீசினார்கள், ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். மைக்கில் அறிவித்தாயிற்று: சமம்.

நாகவள்ளி வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பிழைத்தான். சனிக்கிழமை சந்தை இல்லை. கண்ணைத் திறந்து அந்தச் சிவப்பை மறுபடி பார்த்தபோதுதான் அது என்ன என்று அவளுக்கு உறைத்தது. வியர்வையில் எண்ணெய் இளகி, அவள் அப்பிய குங்குமம் முழுவதும் வெள்ளைக் காளையின் முகத்துக்குப் போயிருந்தது.

கார்மேகம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே வேலியோரம் வந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. "யக்கா, வாயத் தொறந்துறாதீக. தப்பிச்சோம். அப்படியே நில்லுங்க."

அவள் அப்படியே நின்றாள். நின்றாள் என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

கல்பாக்காரர் வயசாளி, கந்தூரா அங்கி முழங்காலுக்கு மேல் ஏற, உள்ளே ஓடிவந்தார். தலைத்துணியை உருவிக் காளையின் நெற்றியைத் தடவித் தடவிக் காயத்தைத் தேடினார். காயம் அகப்படவில்லை. அகப்படாததும் அவருக்குக் கோபம் வந்தது. "என் மாடு ஜெயிச்சுக்கிட்டிருந்தது. அந்த முடிக்குள்ள என்னத்தை வெச்சு அனுப்பினீங்க மூசா? ஆணியா? பிளேடா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நாற்பது வருஷமாக அந்த மண்ணில் நின்றவர் மூசா. அன்தரின் கயிற்றை நடுவர்களிடம் நீட்டினார், நீங்களே பாருங்கள் என்று. நடுவர்களில் மூத்தவர் வாங்கவில்லை. "நீங்க பெரிய மனுஷன். மாட்டு நெத்தியில ஒண்ணும் வைக்கலைன்னு அல்லாஹ் மேல சத்தியம் பண்ணுங்க. அது போதும்."

மூசா யோசிக்கவே இல்லை. அவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது? வலது கையைத் தூக்கினார்.

நாகவள்ளி அந்தக் கையையே பார்த்தாள். இந்தக் கை இறங்கினால் அன்தர் கொட்டத்துக்குத் திரும்புவான். ஆனால் அந்தப் பெரிய மனுஷர் தன் சாமி பெயரைச் சொல்லி, தனக்கே தெரியாமல், பொய்ச் சத்தியம் பண்ணியிருப்பார். வைத்தது அவள் கை.

"பாபா! சொல்லாதீங்க!"

வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு மண்ணில் இறங்கினாள். சேலை காலைத் தடுக்கியது, ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே நடுவர்கள் முன்னால் போய் நின்றாள். "தம் மாஃபி," என்றாள். ரத்தம் இல்லை. தன் நெற்றிப் பொட்டைக் கட்டைவிரலால் அழித்து, அந்த விரலை நீட்டிக் காட்டினாள். பிறகு வேறொரு விரலால் வெள்ளைக் காளையின் நெற்றியைத் தொட்டு, அந்த விரலையும் பக்கத்தில் நீட்டினாள். இரண்டும் ஒரே சிவப்பு.

மூத்த நடுவர் குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார். மைக்கில் பேசியவர் ஓடிவந்து என்ன என்று கேட்டுக்கொண்டு போய்ச் சொன்னதும் கார் மேல் இருந்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மூன்று பேர்: கல்பாக்காரர், மூசா, நாகவள்ளி.

"யாரைக் கேட்டு வெச்சே?" என்றார் மூசா.

"யாரையும் கேக்கல. வெளிய போற மாடு. வெக்காம அனுப்புறதா?"

"நான் கையைத் தூக்குற வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டே நின்னியா?"

"நின்னேன் பாபா. அவன் தோத்துக்கிட்டிருந்தான்."

மூசா கல்பாக்காரரிடம் திரும்பி, "கடைசி ஜோடியா மறுபடி விடுவோம்," என்றார்.

குழாயடியில் கொண்டுபோய் அன்தரின் நெற்றியை நாகவள்ளியே கழுவினாள். நடுவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தார். சோப்புப் போட்டு, சுருட்டை முடியைப் பிரித்துப் பிரித்துக் கழுவினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அவள் தோளில் மூக்கைச் சாய்த்துக்கொண்டிருந்தான். கார்மேகத்துக்குத் தாங்கவில்லை. "நீங்களே கொண்டுபோய்க் கசாப்புக் கடையில விட்டுட்டீகளேக்கா."

"ஆமாப்பா. நான்தான்," என்றாள். வேறென்ன சொல்வாள்?

வெயில் சாய்கிற நேரத்தில் மறுபடி விட்டார்கள். இந்தத் தடவை அன்தர் ஏழு நிமிஷம் நின்றான். அந்தப் பெரிய வெள்ளைத் தலைக்கு எதிரே, முழங்கால் நடுங்க, நாக்கு வெளியே தொங்க, ஏழு நிமிஷம். அப்புறம் திரும்பினான். ஓடவில்லை, நடந்தே போனான். கூட்டம் இரண்டு மாட்டுக்கும் கை தட்டியது.

மூசா கயிற்றைப் பிடித்து வண்டிப் பக்கம் வந்தார். சொன்னது சொன்னதுதான் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது. பின்னாலேயே கல்பாக்காரர் வந்தார், வெள்ளைக் காளையின் முகத்தைத் துடைத்த சிவந்த தலைத்துணி இன்னும் தோளில் கிடந்தது.

"நாளைக்கு இவனைச் சந்தைக்குக் கொண்டுபோறீங்கன்னு உங்க மகன் சொன்னான்."

"ஆமா. வாய்விட்டுச் சொல்லிட்டேன்."

"எனக்கு ஒன்பது பசு இருக்கு. என் மாட்டை ஏழு நிமிஷம் தாங்கினவனோட கன்னுக்குட்டி எனக்கு வேணும். அங்க வந்து கசாப்புக்காரனோட மல்லுக்கட்ட என்னால ஆகாது. இங்கேயே குடுத்துடுங்க." நாகவள்ளியைப் பார்த்துத் தாடையை அசைத்தார். "உங்க வீட்டு மாடுன்னா கொம்பு, பல்லு எதையும் பாக்க வேண்டியதில்ல. ஏதாவது குறை இருந்தா இந்தம்மாவே வந்து சொல்லிடும்."

மூசாவின் மீசைக்கடியில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சந்தைக்குப் போனாலும் விற்கத்தான் போகிறார், இங்கே விற்றால் என்ன? இரண்டு பெரியவர்களும் அந்த ஊர் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டார்கள். பேச்சு முடிந்தது.

நாகவள்ளிக்கு மட்டும் அது முடியவில்லை. கல்பாக்காரர் முன்னால் போய் நின்றாள். "அறுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"வயசானாலும்?"

"மாட்டேன்னு சொல்றேனே."

"சத்தியம் பண்ணுங்க."

"நாகா!" என்றார் மூசா. கல்பாக்காரர் அவரைக் கையமர்த்திவிட்டு, நின்ற இடத்திலேயே, வலது கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினார்.

கல்பாவிலிருந்து வந்த லாரியின் பின்பலகையை இறக்கினார்கள். அன்தர் ஏறவில்லை. கார்மேகம் இழுத்தான், நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள், கல்பாக்காரர் பேரீச்சம்பழம் காட்டினார். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் இப்படிச் சண்டையில் நின்றிருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நாகவள்ளி செருப்பைக் கழற்றிக் கார்மேகத்திடம் கொடுத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகி, பலகை மேல் தானே ஏறி லாரிக்குள் போனாள். மூலையில் நின்று, "வாடா," என்றாள். வந்தான்.

பின்கதவைச் சாத்திக் கொக்கி போட்ட பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது, அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று. அவளுக்கும் கதவுக்கும் நடுவில் அன்தர் முழு நீளத்துக்கு நின்றான். கதவைத் திறந்தால் அவன் இறங்கிவிடுவான். மறுபடி யார் ஏற்றுவது?

"யக்கா, என்ன செய்ய?" என்று கீழேயிருந்து கேட்டான் கார்மேகம், அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

"என்னத்தச் செய்ய? பின்னாடியே வண்டிய எடுத்துட்டு வா. கொண்டுபோய்க் கட்டிட்டு வந்துருவோம்."

மூசாவின் போனில் வீடியோ கால் வந்தது. நஜீஹாதான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்கிறாள். மூசா போனை லாரிப் பக்கம் திருப்பி, "நாகா கல்பாவுக்குப் போறா. ஹோட்டல்ல வாங்கிக்குவோம்," என்றார்.

லாரி கிளம்பியது. இடது பக்கம் கடல், வலது பக்கம் மலை. அவள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவன் திமிலையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த காரில் கல்பாக்காரர் விளக்கைப் போட்டு அணைத்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவள் தலையை ஆட்டினாள்.